பூச்சி ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம்

“…அதுக்குன்னு கடல் பறவைய ஆயுசு பூரா ஒதி மரத்தடியிலயே வெச்சிகினு இருக்க முடியுமா? அதும் எடத்துல கொண்டும்போய் உட்டா அதுவா பொழச்சிக்கும். பொண்ணும் அப்டித்தான். கெளம்புங்க கெளம்புங்க, மொத பஸ்ஸ உட்டா வெயில்ல சாவணும்” என்றார் நைனா.

நைனா என்றால் எங்கள் அப்பா. படாளத்தில் ரயில் பாதையில் கேங்மேன் வேலை. அவர் சொன்ன பொண்ணு என் அக்கா. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் சொன்ன பறவை, புயலுக்கு மறுநாள் அக்கா தன் முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் கோடையில் நடந்ததை முழுசாக நான் யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம்தான், இனிமேலும் உள்ளே வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று தோன்றியது.

காரணம் கைப்பேசிதான். நம் வயதுக்காரர்கள் எல்லாரிடமும் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது அல்லவா, கூடப் படித்தவர்கள் குழு? விடிந்தால் ரோஜாப்பூ, சாயங்காலமானால் மூட்டுவலிக்கு முடக்கத்தான். எங்கள் குழுவில் போன வாரம் யாரோ ஒரு பறவையின் படத்தை அனுப்பியிருந்தார்கள். புயல் காற்றில் கோவளம் மணலில் வந்து விழுந்ததாம். முதுகு கரிக்கட்டை, வயிறு சலவை வேட்டி, நெற்றியில் மட்டும் பவுடர் அப்பின மாதிரி ஒரு வெள்ளை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: ‘இதைக் கண்டால் தயவுசெய்து தண்ணீரில் விடாதீர்கள்.’

குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

அது அக்னி நட்சத்திரக் காலம். பள்ளிக்கூடம் லீவு. சுட்டெரிக்கிற வெயிலுக்கு நடுவில் யாரும் எதிர்பார்க்காமல் ஒரு புயல். எங்கள் பக்கம் மழையோடு போயிற்று. கடற்கரையில் மரங்கள் சாய்ந்துவிட்டன என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் அக்கா தன்னந்தனியாக வந்து வாசலில் நின்றாள். ஒரு செருப்பு காலில், வார் அறுந்த மற்றொன்று கையில். முந்தானையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அம்மா பதறிப்போய் விலக்கிப் பார்த்தால், உள்ளேயிருந்து ஒரு கறுப்பு அலகு எட்டிப் பார்த்தது.

பக்கத்து வீட்டு அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. “அடியே, மாபலிபுரம் பக்கம் வாக்கப்பட்ட பொண்ணுங்க மீனு எட்தாருவாங்க, கருவாடு எட்தாருவாங்க. நீ இன்னாடி காக்கா எட்தாந்துகீற?”

“காக்கா இல்ல அத்த. தோப்புல வியுந்து கெடந்திச்சி. அங்க காட்றதுக்கு யாரும் இல்ல, அதான் எட்தாந்தேன்.”

காட்றதுக்கு யாரும் இல்ல என்றாளே, அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எல்லாரும் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மாபலிபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் காவல்காரர். தோப்புக்குள்ளேயே வீடு. அவரும், அவருடைய அம்மாவும், எங்கள் அக்காவும்தான். அக்கம்பக்கம் என்று ஒரு குடிசை கிடையாது. அந்தம்மாவுக்குக் காது கேட்காது. அக்காவோ எஸ்.எஸ்.எல்.சி. எழுதினவள், எங்கள் வரிசை வீடுகளிலேயே முதல் ஆள். பரீட்சை முடிவு வருவதற்குள் முகூர்த்தம் வந்துவிட்டது. பாஸ் என்கிற செய்தியை நானே தோப்புக்குக் கடிதம் போட்டுச் சொன்னேன்.

அந்த வாரம் என் கையிலும் ஒரு விருந்தாளி இருந்தது. மழை விட்ட காலையில், ஸ்டேஷன் விளக்குக் கம்பத்தை ஒட்டிய சுவரில் ஒரு அந்துப்பூச்சி ஒட்டியிருந்தது. அந்துப்பூச்சி என்றதும் அரிசிப் பானையில் பறக்கிற சாம்பல் தூசியை நினைக்காதீர்கள். என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. வெள்ளரிப் பிஞ்சின் உட்புறம் மாதிரி ஒரு பச்சை. ஒவ்வொரு இறகிலும் ஒரு கண். உடம்பு பஞ்சு. பின் இறகு இரண்டும் நீண்டு, ரிப்பன் மாதிரி முறுக்கிக்கொண்டு தொங்கின. பக்கத்திலிருந்த ஒதி மரம் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பிஸ்கட் தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, ஒதி இலை பரப்பி, அதற்குள் குடிவைத்தேன்.

ஆக வீட்டில் மூன்று பேர் சாப்பிடாமல் இருந்தார்கள். பூச்சிக்கு அம்மா வெல்லத் தண்ணீர் வைத்தாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. பறவைக்குச் சோற்றை உருட்டிப் போட்டாள். அது அலகை மூடிக்கொண்டது. அக்காவுக்குக் கேழ்வரகுக் கூழ், நெத்திலிக் குழம்பு, கடைசியில் எனக்கே கிடைக்காத முட்டை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சோறு காய்ந்து போகும்வரை.

“இன்னா வூடா, சத்திரமா இது? வந்த மூணும் வாய தொறக்க மாட்டேன்னா நான் இன்னாதான்யா பண்றது?” என்று நைனாவிடம் சண்டைக்குப் போவாள் அம்மா.

“பசிச்சா துன்னுதுங்க, உடு. நீ ஏன் பேஜாரு பண்ற?” என்பார் அவர்.

இரண்டாவது நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, உன் சயன்ஸு நோட்டு எடு” என்றாள். பழைய லாங் சைஸ் நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அளவுகோல் இல்லாமல் என் தகர டப்பா மூடியை வைத்து நடுவில் ஒரு கோடு இழுத்தாள். மேலே எழுதினாள்: ‘வேறுபடுத்துக. ஐந்து மதிப்பெண்.’ கோட்டுக்கு இந்தப் பக்கம் பூச்சி, அந்தப் பக்கம் பறவை. நம் காலத்துப் பரீட்சையில் இந்தக் கேள்வி வராத வருஷம் உண்டா? தவளையும் தேரையும், வேரும் தண்டும். அக்காவுக்கு அதில் அரை மார்க் குறைந்ததில்லை.

பூச்சியைத் தொட்டால் விரலில் மாவு ஒட்டும். பறவையைத் தொட்டால் உப்பு ஒட்டும். பூச்சியின் மீசை இரண்டும் பெரணி இலை மாதிரி. பறவைக்கு மீசை இல்லை, பார்வையே மீசை. (அப்படியேதான் எழுதினாள். வாத்தியார் பார்த்தால் சிரித்திருப்பார்.) இரண்டுக்கும் வாலில் நீளமாக இரண்டு இழை இருந்தது. அது ஒற்றுமை, வேற்றுமையில் சேராது என்று நான் சொன்னேன். “கீய ஒத்துமன்னு தனியா எழுதிக்கலாம் உடு” என்றாள். ‘இரண்டும் காற்றில் வந்தவை. வந்த இடத்தில் இரண்டுக்கும் ஒன்றும் புரியவில்லை’ என்றும் அதில் சேர்த்தாள்.

பூச்சியை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். வண்ணத்துப்பூச்சிக்கு வாட்ச் ஸ்பிரிங் மாதிரி சுருட்டிவைத்த உறிஞ்சுகுழல் ஒன்று இருக்குமே, இதற்கு அது இல்லை. ‘பூச்சி: வாய் இல்லை. சாப்பிடாது’ என்று எழுதினாள்.

அம்மா நம்பவில்லை. “வாயி இல்லாமக்கூட ஒண்ண படைப்பாரா கடவுளு? அதுங்கிட்ட ஒரு கொற கீது, அதான் துன்ன மாட்டேங்குது” என்று வெல்லத்தை இன்னும் கொஞ்சம் கரைத்தாள்.

மூன்றாவது நாள் நான் ஏரி மதகில் துண்டு போட்டு நாலைந்து கெண்டைக் குஞ்சு பிடித்துவந்தேன். அக்கா ஒன்றை வாலைப் பிடித்து ஆட்டினாள். லபக் என்று பிடுங்கியது பறவை! அக்கா சிரித்தாள். அன்றைக்கு அவளும் பாதித் தட்டு சோறு சாப்பிட்டாள். அம்மா அடுப்பங்கரையில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த உற்சாகத்தில்தான் அம்மா பறவையைக் குளிப்பாட்டக் கிளம்பினாள். கடலில் கிடந்த உடம்பு, காய்கிறது பாவம் என்று அவளாக ஒரு கணக்கு. அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, உப்புக்கூடப் போட்டாள். அதில் இறக்கிவிட்டால் வாத்து மாதிரி மிதக்கும் என்று நாங்கள் சுற்றி நின்றோம். பறவை ஒரு நிமிஷம் தாங்கவில்லை. பழந்துணி ஊறுவதுபோல் ஊறிக்கொண்டே போயிற்று. இறகு கனத்து, கழுத்து மட்டும் மேலே தெரிந்தது. அக்காதான் பாய்ந்து தூக்கினாள். முந்தானையால் ஒற்றி, அடுப்புச் சூட்டில் காட்டி, பறவைக்கு நடுக்கம் நிற்கும்வரை மடியை விட்டு இறக்கவில்லை. பிறகு நோட்டை எடுத்து எழுதினாள்: ‘பறவை: நனையும். மிதக்காது.’ அதற்கு அடியில் இரண்டு கோடு.

“சீக்குக் கோயிகூடத்தான் நனையும்மா. ஒடம்பு தேறினா எல்லாம் சரியாப் பூடும்” என்றாள் அம்மா. நைனாவும் அதைத்தான் சொன்னார்.

ஐந்தாவது நாள் சாயங்காலம் நைனா வேலை முடிந்து வந்து அக்காவை எதிரில் உட்காரவைத்தார். நல்ல விதமாகத்தான் கேட்டார்.

“சொல்லு கண்ணு. அடிக்கிறானா?”

“இல்ல நைனா.”

“குடிக்கிறானா?”

“சேச்சே, இல்ல.”

“மாமியாரு எதனா சொல்லுதா?”

“அத்தைக்கு காதே கேக்காது. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“அப்பால இன்னாம்மா?”

அக்கா தரையில் விரலால் கோடு போட்டபடி இருந்தாள். “பேசறதுக்கு ஆளு இல்ல நைனா. நாளு பூரா சவுக்குல காத்து, உய்யி உய்யின்னு. மத்தியானம் ஆச்சின்னா நெஞ்சு அடச்சிக்குது. எதுக்குன்னு தெரில. சோத்தப் பாத்தா அய வருது. இங்கயே இருந்துட்றேன் நைனா. ஸ்கூல்ல ஆயா வேலகூட செய்றேன்.”

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா நைனாவைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் பெரிய ஆறுதல். அடி இல்லை, குடி இல்லை, மாமியார் கொடுமை இல்லை. அப்படியென்றால் ஒன்றும் இல்லை.

“புதுசுல அப்டித்தான் இருக்கும். ஒரு புள்ள பொறந்தா பேச ஆளு கெடச்சிடும்” என்றாள் அம்மா.

இதற்கு இப்போது ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். மாத்திரை இருக்கிறது, உட்கார்ந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்தது மூன்றே கேள்வி. மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் பெண் சுகமாக இருக்கிறாள். மாமா நல்ல மனிதர். அதுதான் எங்கள் கண்ணை மறைத்தது. கெட்டவராக இருந்திருந்தால் நைனா அரிவாளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார், அக்கா எங்களோடு இருந்திருப்பாள்.

அம்மா ஊரெல்லாம் தன் மூத்தவளை ‘வாயில்லாப் பூச்சி’ என்று பெருமையாகச் சொல்லுவாள். அது சரியில்லை. அக்கா சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் பறவையையும் அக்காவையும் கொண்டுபோய் விட்டுவரலாம், பாப்பாவும் வரட்டும் என்று நைனா சொன்னதும் நான் குதித்தேன். படாளத்துக்கும் கடலுக்கும் ஒரு மணி நேரம் சொச்சம்தான், ஆனாலும் நான் கடலைப் பார்த்ததில்லை. அக்காவின் பையை எடுத்து, அவள் புடவை இரண்டையும் மடித்து, சீப்பு, கண்ணாடி, அந்தச் சயன்ஸ் நோட்டு எல்லாவற்றையும் நானே அடுக்கினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து நான் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கல்பட்டில் ஒரு பஸ், திருக்கழுக்குன்றம் வழியாக இன்னொன்று. வழியெல்லாம் நான் ஜன்னலோரம் தொணதொணத்துக்கொண்டு வந்தேன். மாமா ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார், அக்கா போனதிலிருந்து தினமும் அந்த பஸ்ஸுக்கு வந்து நிற்கிறாராம். எங்களைக் கண்டதும் அவர் முகம் பூரித்துப் போனது. இளநீர் சீவித் தந்தார். பிறகு எல்லாரும் தோப்பைத் தாண்டி மணலுக்குப் போனோம். அக்கா சொன்னது நிஜம். காற்று ஒரு நொடி நிற்கவில்லை. அப்புறம் கடல். அதைப் பற்றி நான் என்ன எழுத? வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நைனா வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் ஆழத்துக்கு இறங்கினார். துண்டைப் பிரித்தார்.

“நைனா, வாணாம்! அது நனையும் நைனா! நோட்டுல எய்திகிறேன் பாரு!” அக்கா மணலில் ஓடினாள்.

“நோட்டுல நீ எய்தினது அதுக்குத் தெரியுமா?” என்று சிரித்தார் நைனா. “கடல் பறவைக்கு தண்ணியப் பாத்து பயமா? நல்லா கீதே கத!”

தொட்டிலில் குழந்தையைப் போடுகிற மாதிரி அவ்வளவு பதமாகத் தண்ணீரின் மேல் வைத்தார். அலை தூக்கியது. பறவை இரண்டு இறகையும் விரித்தது. இன்னொரு அலை அதை உள்ளே வாங்கிக்கொண்டது.

“தோ பாரு, நீஞ்சுது! போறாம் பாரு ராசா மாதிரி!” நைனா கத்தினார். நான் கை தட்டினேன். மாமாவும் தட்டினார். கறுப்புப் புள்ளி ஒரு தரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. அக்கா மட்டும் இடுப்பளவு தண்ணீரில், புடவையோடு நின்றுகொண்டிருந்தாள்.

நாங்கள் பஸ் ஏறும்போது என் காதில் சொன்னாள்: “பாப்பா, பூச்சி முட்ட வெச்சிதுன்னா எனக்கு எய்து.”

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். பூச்சி செத்துக் கிடந்தது. மூடியின் உட்புறத்தில் கேழ்வரகு தெளித்த மாதிரி முட்டைகள். கார்டு போட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. அக்காவின் குண்டு குண்டான கையெழுத்து. முட்டை பொரித்தால் ஒதித் துளிரை மட்டும் போடு, முற்றின இலை போடாதே என்று எழுதி, கடைசியில் இடம் பற்றாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்: ‘மறுநாள் காலை பறவை கரையில் கிடந்தது. மாமா சவுக்கடியில் புதைத்துவிட்டார். நைனாவுக்குச் சொல்லாதே, வருத்தப்படுவார்.’

அந்தக் கார்டை நான் அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். பிறகு எலி கடித்துவிட்டது. முட்டைகள் பொரித்தன, புழு என்று அம்மா டப்பாவோடு வேலிக்கு அந்தப்புறம் வீசினாள்.

ஐப்பசி மழையில் மாமா வந்தார். சைக்கிளை வேலியில் சாய்க்கத் தெரியாமல் கீழே போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்குக் காய்ச்சல் என்றார். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வீம்பு என்று நினைத்தோம் என்றார். எங்கள் எல்லாரையும்விட அவர்தான் அன்றைக்கு அதிகமாக அழுதார். நோட்டைப் பற்றி அப்புறம் ஒரு தரம் கேட்டேன். கூரை இறவாணத்தில் சொருகி வைத்திருந்தாளாம். மழை ஒழுகி, பக்கம் பக்கமாக ஒட்டிப்போய்விட்டதாம்.

நைனா அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் இருந்தார். அக்காவைப் பற்றி வாய் திறக்க மாட்டார். ஆனால் யாராவது கடலைப் பற்றிப் பேசினால் போதும், “ஒரு பறவைய நான் காப்பாத்தி உட்டேன், தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவார். எப்படி விரித்தது, எப்படி நீந்தியது, எல்லாம் கையால் காட்டுவார். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பறவையாவது பொழச்சிது, இல்லம்மா? அதையாவது ஒயுங்கா செஞ்சேன்” என்றார். ஆமாம் நைனா என்றேன். அக்கா சொல்லாதே என்றிருந்தாளே.

நான் இப்போது இருப்பது சிங்கப்பெருமாள் கோயிலில். மாடி வீட்டில் பொத்தேரி காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி குடியிருக்கிறாள், லீவு நாளில் பறவை எண்ணப் போகிறவள். வாட்ஸ்அப் படத்தை அவளிடம் காட்டினேன். ஆலா இனம் என்றாள். வருஷக்கணக்கில் தரை இறங்காமல் நடுக்கடலுக்கு மேலே பறந்துகொண்டே இருக்குமாம். மீனைக்கூடப் பறந்தபடியே கொத்தும். “கடல்லதான் ஆன்ட்டி வாழும். ஆனா கடல்ல உக்கார முடியாது. றெக்கை ஊறிடும்.” பச்சைப் பூச்சியைப் பற்றியும் கேட்டேன். அதற்கு வாயே கிடையாது, புழுவாக இருந்தபோது தின்றதுதான், ஒரு வாரம் இருக்கும் என்றாள்.

இரண்டுமே சரி. அக்காவுக்கு ஐந்துக்கு ஐந்து.

அதனால்தான் அந்தக் காலை திரும்பத் திரும்ப வருகிறது. கெளம்புங்க கெளம்புங்க என்றாரே நைனா, அதைச் சொல்லி முடித்ததும், தன் வெள்ளைத் துண்டை உதறிப் பறவையைச் சுற்றினார். மூச்சு முட்டாமல் தலைக்கு மட்டும் வழி விட்டார். அதை என்னிடம் கொடுத்தார். பிறகு மூலையில் கிடந்த அக்காவின் அறுந்த செருப்பைக் கொண்டுவந்து, அம்மாவின் தாலிக் கயிற்றிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றச் சொல்லி வாங்கி, வாரைக் கோர்த்து, இழுத்துப் பார்த்து, குத்தக்கூடாதென்று ஊக்கின் முனையைப் பல்லால் கடித்து மடக்கினார். வாசலில் நின்ற அக்காவின் எதிரில் குனிந்து உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் முழங்கால்மேல் வைத்துத் தூசியைத் தட்டி, செருப்பை மாட்டிவிட்டார்.